சத்தமில்லாத பஸ்ஸும் ஓடிப்போன டிரைவரும்

1

எங்கள் டிப்போவுக்கு ஹைபிரிட் பஸ்கள் வந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது என்று மெயில் வந்திருக்கிறது. கேக் வெட்டப்போகிறார்களாம். இன்னொரு தொகுதி பஸ் வாங்கப்போவதையும் அன்றைக்கே அறிவிப்பார்களாம். "நம் குடும்பத்துக்குப் பெருமையான நாள்" என்று தலைப்பு போட்டிருக்கிறார்கள். என் குடும்பம் இருக்கிற லட்சணம் எனக்கல்லவா தெரியும். படித்துவிட்டுப் போனைக் கட்டில்மேல் விட்டெறிந்தேன்.

கட்டில் இருப்பது செஞ்சியில், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து லாட்ஜில். நான் வெளிநாடு போய்ப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. முதலில் துபாய், பிறகு கனடா. பதினோரு வருஷமாக அங்கே ஒரு நடுத்தர ஊரில், அந்த ஊர்ப் போக்குவரத்துக் கழகத்தில் பஸ் ஓட்டுகிறேன். நைனாவும் அம்மாவும் போன பிறகு ஊரில் இருந்த வீட்டை விற்றாகிவிட்டது. ஆகவே நான் வந்தது யாரையும் பார்த்துக் கொஞ்சிக் குலாவ இல்லை. என் மகள் கயல்விழி ஐந்து மாதமாக என்னோடு பேசவில்லை. கடைசியாக அவள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். பதில் எனக்குத் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளாமல் அவள் முகத்தில் விழிக்க முடியாது என்றுதான் லீவு போட்டு வந்தேன்.

இந்தப் பத்திரிகையை நடத்தும் நண்பர், வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி ஜாலியாக ஏதாவது எழுது என்று இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். இது ஜாலியாக இருக்காது. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

2

முதலில் அந்தப் பஸ்ஸைப் பற்றிச் சொல்லவேண்டும். காலையில் புறநகரிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு நகரத்து ஆபீஸ்களில் கொண்டுபோய்க் கொட்டுவதற்கும், சாயங்காலம் திருப்பிக் கொண்டுபோய் விடுவதற்கும் வாங்கிய பஸ். டீசல் என்ஜினும் உண்டு, பேட்டரியும் உண்டு. ஸ்டாப்பிங்கில் நின்றால் என்ஜின் தானாக அணைந்துவிடும். கிளம்பும்போது பேட்டரியில் நழுவிப் போகும். கொஞ்சம் வேகம் பிடித்த பிறகுதான் டீசல் உறும ஆரம்பிக்கும். பிரேக் போட்டால் அதிலேயே பேட்டரிக்குக் கரண்ட் ஏறும். நம்மூர் டிரைவர் ஒருவரிடம் இதைச் சொன்னால் ரீல் விடாதே என்பார்.

ஒரு பஸ் வாங்குவதற்கு அந்த ஊரில் நடக்கிற கூத்து கொஞ்சநஞ்சமல்ல. பொதுமக்களைக் கூட்டி வைத்துக் கருத்து கேட்பார்கள். ஒரு பாட்டியம்மா எழுந்து படிக்கட்டு உயரத்தைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசுவார். அதை ஒருத்தர் பயபக்தியோடு குறித்துக்கொள்வார். அப்புறம் டிரைவர்களிலும் சில பேரைத் தேர்ந்தெடுத்து, மாதிரி பஸ்ஸை ஓட்டச் சொல்லி, நாலு பக்கப் படிவம் கொடுத்தார்கள். அதில் நானும் ஒருவன். செஞ்சிக்காரன் கையெழுத்து போட்டால்தான் கனடாவில் பஸ் வாங்குவார்கள் என்று வீட்டில் அலட்டிக்கொண்டேன். படிவத்தில் சத்தத்தைப் பற்றியும் ஒரு கேள்வி இருந்தது. "சத்தமே இல்லை, மிகவும் நன்று" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தக் காகிதம் இன்னும் அவர்கள் கோப்பில் இருக்கிறது.

ஹாரனைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். நம்மூரில் ஹாரன் அடிக்காமல் போனால் நீ கொலைகாரன். அங்கே அடித்தால் நீ காட்டுமிராண்டி. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ரோட்டைக் கடந்த ஓர் அம்மாளைப் பார்த்துச் சும்மா ஒரு ஹாரன் கொடுத்தேன். நல்லெண்ணத்தில்தான். அந்த அம்மாள் புகார் எழுதிப் போட்டு, நான் மன்னிப்புக் கடிதம் எழுதி, அதில் இலக்கணப் பிழை என்று சூப்பர்வைசர் திருத்தி, மறுபடி எழுதினேன். அதோடு ஹாரன் பக்கம் கையே போகாதபடி பழக்கிக்கொண்டேன்.

3

ஜனவரி மாதம், காலை ஏழரை மணி. புறநகரில் காரை நிறுத்திவிட்டுப் பஸ் ஏறுகிற ஒரு பெரிய திடல். ஆட்களை ஏற்றிக்கொண்டு கதவைச் சாத்தினேன். ஏற வந்த கூட்டத்தில் ஒரு வயதான அம்மாள் எதையோ காரில் மறந்துவிட்டாள் போல, திரும்பிப் பஸ்ஸுக்கு முன்னால் குறுக்கே நடந்திருக்கிறாள். கையுறை கீழே விழுந்திருக்கிறது. எடுக்கக் குனிந்தாள். கண்ணாடிக்குக் கீழே குனிந்தவளை நான் பார்க்கவில்லை. பழைய டீசல் வண்டியாக இருந்தால் அது உறுமுகிற உறுமலில் அவள் விலகியிருப்பாள். இது சத்தம் போடாமல் நழுவியது.

ஒரு 'டப்'. அவ்வளவுதான். மனிதன் நடக்கிற வேகம்கூட இல்லை. பிரேக்கைப் போட்டு எட்டிப் பார்த்தேன். பனியில் அவள் தலைமுடி வெள்ளை, பனி வெள்ளை, நடுவில் ரத்தம்.

இந்த இடத்தில் ஒரு நல்ல டிரைவர் என்ன செய்யவேண்டும் என்று எனக்கு நாலு தடவை பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். சான்றிதழ்கூட இருக்கிறது. ஆனால் என் உடம்பு அந்தச் சான்றிதழைப் படிக்கவில்லை. நம்மூர் டிரைவர்களுக்கு யாரும் வகுப்பெடுக்காமலே தெரிந்த ஒரு விதி உண்டு, உங்களுக்கும் தெரியும்: வண்டியில் யாராவது அடிபட்டால் நிற்காதே, இறங்கி ஓடு, கூட்டம் கூடுவதற்குள் நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் சரண்டர் ஆகிவிடு. நின்றால் செத்தாய். நான் டிரைவர் பக்கத்துக் கதவைத் தேடினேன். நம்மூர்ப் பஸ்ஸில் டிரைவருக்கென்று ஒரு கதவு இருக்குமே, அது அந்தப் பஸ்களில் கிடையாது. பதினோரு வருஷம் ஓட்டியவனுக்கு அது மறந்துபோய், ஜன்னல் கண்ணாடியைப் போட்டு அறைந்துகொண்டிருந்தேன். பிறகு முன்கதவு வழியாக, எழுந்து நின்ற ஒருத்தியை நெட்டித் தள்ளிவிட்டுக் குதித்து ஓடினேன்.

பின்னால் ஒருத்தன் கத்திக்கொண்டே துரத்தி வந்தான். எனக்குத் தெரியும், முதலில் ஒருத்தன்தான் வருவான், அவன் பிடித்து நிறுத்தினால் மற்றவர்கள் வந்து சேர்ந்துகொள்வார்கள். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன். பனியில் சறுக்கி விழுந்தேன். அவன் என் தோளைத் தொட்டான். நான் எழுந்த வேகத்தில் அவன் வாயில் குத்தினேன். அவன் தடுமாறினான். மறுபடியும் குத்தினேன். மூன்றாவது குத்தில் என் விரல் கிழிந்தது, அவன் பல் கிழித்தது. அவன் உட்கார்ந்துவிட்டான். இருபத்தைந்து வயதிருக்கும். அவன் கையில் என் கோட் இருந்தது.

குளிரில் கோட் இல்லாமல் ஓடுகிறானே என்று கொண்டுவந்திருக்கிறான். வாயெல்லாம் ரத்தத்தோடு, அப்போதும் கோட்டை என் பக்கம் நீட்டினான். அதை வாங்கிக்கொள்ளக்கூட எனக்குப் புத்தி வரவில்லை. திரும்பி ஓடினேன்.

4

இரண்டு கிலோமீட்டருக்கு மேல் ஓடிப் போலீஸ் ஸ்டேஷனில் போய் நின்று, கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் இரண்டு கையையும் நீட்டி, "சரண்டர், சரண்டர்" என்றேன். உள்ளே இருந்த பெண் அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை. எதற்காக என்று கேட்டார். என் இங்கிலீஷ் மொத்தமும் எங்கேயோ போய்விட்டது. பதினோரு வருஷமாகப் பேசிய பாஷை, ஒரு வார்த்தை வரவில்லை. வாயைத் திறந்தால் தமிழ்தான் வருகிறது, அதுவும் செஞ்சித் தமிழ்.

போனில் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்தார்கள். வேறு மாகாணத்திலிருந்து ஒருவர், யாழ்ப்பாணத்துத் தமிழ். "பயப்பிடாதேங்கோ, ஆறுதலாச் சொல்லுங்கோ" என்றார். அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. கொட்டிவிட்டேன்.

"அந்தம்மாவ அடிச்சதும் நிக்கலைங்க. ஒரு நிமிசம்கூட நிக்கல. பயத்துல ஓடிட்டேன்."

அவர் இங்கிலீஷில் சொன்னார். பெண் அதிகாரியின் முகம் இறுகியது. சற்று நேரத்தில் என் கையில் விலங்கு இருந்தது.

விஷயம் இதுதான். நாம் வண்டி ஓட்டுகிறோம். யாழ்ப்பாணத்துக்காரர்கள் வண்டி ஓடுகிறார்கள். "நான் வேன் ஓடுறனான்" என்று மளிகைக் கடையில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், அதை வைத்துக் கிண்டலும் செய்திருக்கிறேன். நான் அடித்ததும் நிற்கவில்லை, ஓடிவிட்டேன் என்றால் அவருக்கு என்ன அர்த்தம்? மோதிய பிறகும் பஸ்ஸை நிறுத்தவில்லை, ஓட்டிக்கொண்டே போய்விட்டேன். அதையே அவர் சுத்தமாக மொழிபெயர்த்தார். பஸ்ஸோ அங்கே திடலில் விளக்கைச் சிமிட்டிக்கொண்டு பரம சாதுவாக நிற்கிறது. பயணிகள் தங்கள் கோட்டுகளைக் கழற்றி அந்த அம்மாளுக்குப் போர்த்தியிருக்கிறார்கள். ஒருத்தி அவள் தலையை மடியில் வைத்திருக்கிறாள். யாரும் யாரையும் அடிக்கவில்லை. அடித்தவன் நான் ஒருவன்தான்.

மூன்று மணி நேரம் கழித்து, பஸ் கேமராவில் பதிவானதைப் பார்த்துவிட்டு விலங்கை எடுத்தார்கள். மொழிபெயர்ப்பாளர் மறுநாள் விசாரித்து என்னிடம் பேசினார், பாவம். "அண்ணை, என்ரை பிழை" என்றார். பிழை அவருடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை என்றேன். அந்த அம்மாளுக்கு இடுப்பெலும்பு முறிந்து, தலையில் தையல். பிழைத்துக்கொண்டாள். பையனுக்கு இரண்டு பல் போயிற்று. அந்த வழக்கில் நீதிபதி என்னைக் கோபத்தை அடக்கும் வகுப்புக்கு அனுப்பினார். வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து, மூச்சை இழுத்து விட்டு, ஒவ்வொருவரும் தன் கோபத்துக்கு ஒரு நிறம் சொல்லவேண்டும். என் முறை வந்தபோது பச்சை என்று சொல்லி வைத்தேன்.

5

கழகத்தின் விசாரணை பிப்ரவரியில் நடந்தது. குடும்பத்தில் ஒருவரைத் துணைக்கு அழைத்துவரலாம் என்றார்கள். என் மனைவிக்கு முதியோர் இல்லத்தில் ஷிப்ட். கயல் தானே வருகிறேன் என்றாள்.

கயலுக்குப் பத்தொன்பது வயது. காலேஜில் அவளுக்குக் 'கே' என்று பெயர். கயல்விழி அவர்கள் வாயில் நுழையவில்லையாம், இவளும் சரியென்று விட்டுவிட்டாள். தமிழில் பேசினால் புரியும், பதில் இங்கிலீஷில் வரும். என் சமையல், என் சத்தமான போன் பேச்சு, பனிக்காலத்தில் நான் போடுகிற குரங்குக் குல்லா எல்லாமே அவளுக்கு மானக்கேடு. அப்படிப்பட்டவள் ஒரு வாரம் உட்கார்ந்து எனக்காகக் கோப்பு தயாரித்தாள். இந்தியாவில் டிரைவர்களைக் கும்பல் அடித்த செய்திகள், படங்கள், எல்லாவற்றுக்கும் அடிக்குறிப்பு. என் அப்பா குற்றவாளி இல்லை, பாதிக்கப்பட்டவர் என்பதுதான் அவள் கட்சி. காரில் போகும்போது என் டையைச் சரிசெய்துவிட்டாள். அவள் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் நாங்கள் ஒரே பக்கத்தில் உட்கார்ந்தோம்.

நன்றாகத்தான் பேசினாள். எதிரே இருந்த மூன்று பேரும் தலையாட்டிக் கேட்டார்கள். அவர்களில் பெரியவர், நரைத்த மனிதர், என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார். இப்படி ஒரு சம்பவத்தை நீங்களே பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருக்கிறேன் என்றேன். அப்போது எங்கே இருந்தீர்கள், பஸ்ஸுக்குள்ளா?

பஸ்ஸுக்குள் என்று சொல்லச் சொல்லி யூனியன்காரர் முன்பே சொல்லிக்கொடுத்திருந்தார். பயணியாக இருந்து பார்த்த அதிர்ச்சி என்றால் வேலை தப்பிக்கும். பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. கயலைப் பார்த்தேன். சொல்லுங்கப்பா என்பதுபோலத் தலையசைத்தாள். எனக்கு அந்தக் கோட்டுக்காரப் பையன் ரத்த வாயோடு கோட்டை நீட்டியது ஞாபகம் வந்தது.

"வெளியே இருந்தேன். டிரைவரை அடித்தவர்களில் நானும் ஒருவன்" என்றேன். இந்தத் தடவை இங்கிலீஷ் பிழையில்லாமல் வந்து தொலைத்தது.

6

எங்கள் ஊர் செஞ்சியிலிருந்து எட்டுக் கிலோமீட்டர். பெயர் வேண்டாம், அடித்த கைகள் இன்னும் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருக்கின்றன. எனக்கு இருபத்திரண்டு வயது. பாலிடெக்னிக் முடித்துவிட்டு டீக்கடை பெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். செஞ்சியிலிருந்து வந்த தனியார் பஸ், கடைக்கு ஓடிய ஒரு சின்னப் பெண்ணைத் தட்டிவிட்டது. கண்டக்டர் ரோட்டோரக் கொல்லையில் இறங்கி ஓடிவிட்டான். டிரைவர் ஓடவில்லை. இறங்கி, குழந்தையைத் தூக்கி மார்பில் போட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரிக்கு யாராவது வண்டி எடுங்கள் என்று கெஞ்சிக்கொண்டு நின்றார்.

"கொழந்த பூடுச்சுடா" என்று யாரோ கத்தினார்கள்.

அவ்வளவுதான். குழந்தையை அவர் கையிலிருந்து பிடுங்கினார்கள். பிறகு விழுந்த அடியில் எந்தக் கை யாருடையது என்று தெரியவில்லை. செருப்பு, கல், சைக்கிள் செயின், அகப்பட்டதெல்லாம். ஒருத்தன் அவர் கண்ணில் மிதித்தான். நான் பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அந்தக் குழந்தை யாரென்றுகூடத் தெரியாது. ஆனால் எல்லாரும் அடிக்கும்போது சும்மா நிற்பது கேவலமாக இருந்தது. பஸ்ஸில் ஏறி, டயருக்கு முட்டுக் கொடுக்கிற கட்டையை எடுத்து வந்தேன். அவர் முகத்தை மறைக்க வலது கையைத் தூக்கினார். அந்தக் கையில் போட்டேன். முறிகிற சத்தம் கேட்டது. கேட்ட பிறகும் இன்னொன்று போட்டேன்.

குழந்தை சாகவில்லை. மயங்கியிருந்தது. செஞ்சி ஆஸ்பத்திரியில் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டதாம். காலில் மட்டும் முறிவு. டிரைவரை விழுப்புரத்துக்குக் கொண்டுபோனார்கள், பிழைக்கமாட்டார் என்று பேசிக்கொண்டார்கள். போலீஸ் வந்தபோது ஊரே வீட்டுக்குள் இருந்தது. அடையாளம் தெரியாத நபர்கள் என்று வழக்குப் போட்டார்கள். நான் குளித்துவிட்டுச் சாப்பிட்டேன். அம்மா கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். என்னை நினைத்து எனக்கு இன்றைக்கும் குமட்டுகிற விஷயம் அதுதான், அடித்ததைவிட.

பிறகு துபாய்க்குப் போனபோதும் கனடாவுக்கு எழுதிப்போட்டபோதும் போலீஸில் நன்னடத்தைச் சான்று வாங்கினேன். என்மேல் பாதகமான தகவல் எதுவும் இல்லை என்று முத்திரை குத்திக் கொடுத்தார்கள். அந்த முத்திரையை நம்பித்தான் ஒரு தேசமே என்னை உள்ளே விட்டது.

7

விசாரணை முடிந்து காரில் ஏறினோம். கயல் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு அழாமல் உட்கார்ந்திருந்தாள். பாதி வழியில் தமிழில் கேட்டாள். அவள் தானாகத் தமிழில் பேசி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

"அவரோட பேர் என்ன?"

தெரியாது என்றேன்.

"பேர் கூட தெரியாதா?"

சிக்னலில் நின்றபோது கதவைத் திறந்து இறங்கிப் போய்விட்டாள். அன்றிலிருந்து சிநேகிதி அறையில் இருக்கிறாள். அம்மாவிடம் பேசுவாள். என் போனை எடுக்கமாட்டாள். கழகம் என்னை வேலையிலிருந்து எடுக்கவில்லை, ரோட்டிலிருந்து மட்டும் எடுத்துவிட்டது. இப்போது டிப்போவுக்குள் அந்த ஹைபிரிட் பஸ்களைக் கழுவி, வரிசையில் கொண்டுபோய் நிறுத்துவதுதான் என் உத்தியோகம். தண்டனை குறைவு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

8

பெயரைக் கண்டுபிடிக்க மூன்று நாள் ஆயிற்று. எங்கள் ஊரில் கேட்டேன், ஒருத்தனுக்கும் ஞாபகம் இல்லை. எந்த பஸ், எந்த டிரைவர் என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள். கடைசியில் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர், மூக்குப்பொடியை உதறிக்கொண்டே, "அது கோதண்டம்பா, இருக்கான்பா இன்னும்" என்றார். இத்தனை வருஷமாக அவர் செத்துவிட்டார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். வழியும் அவரே சொன்னார். பெயர் கிடைத்துவிட்டது, கோதண்டம், உயிரோடு இருக்கிறார், நாளைக்குப் போகிறேன் என்று கயலுக்குச் செய்தி அனுப்பினேன். பதில் இல்லை.

தொண்டூர் பக்கம், ரோட்டை ஒட்டிய சிமெண்ட் ஷீட் போட்ட வீடு. கோதண்டம் வாசலில் நாற்காலியில் இருந்தார். அறுபதைத் தாண்டியவர். இடது கண் வெண்மையாக இருந்தது. வலது கை மணிக்கட்டில் உள்பக்கம் மடங்கி, விரல் மூடாமல் தொடைமேல் கிடந்தது. பக்கத்தில் அவர் மனைவி மல்லாட்டை, நிலக்கடலைதான், உடைத்துப் பருப்பெடுத்துக்கொண்டிருந்தார். வெளிநாட்டில் பஸ் ஓட்டுகிறேன், உங்களைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்தேன் என்றேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. இன்னா வண்டி, இன்னா கம்பெனி என்று ஆரம்பித்தார். நான் ஹைபிரிட் பஸ்ஸைப் பற்றிச் சொன்னேன். பிரேக்கில் கரண்ட் ஏறும் என்றதும் மனைவியைப் பார்த்து, கேட்டியா என்பதுபோலச் சிரித்தார். கியர் இல்லை, கிளட்ச் இல்லை, ஸ்டியரிங் விரலால் திருப்பினால் திரும்பும் என்றேன்.

அவர் தொடைமேல் கிடந்த கையைப் பார்த்தார். "அப்ப ஒத்தக் கையாலயே ஓட்லாம் இல்ல?" என்றார்.

"ஓட்டலாம்ணா" என்றேன். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து நின்று சொல்லிவிட்டேன். "அண்ணா, அன்னிக்கு உங்கள அடிச்சதுல நானும் ஒருத்தன். அந்தக் கைய ஒடச்சது நான்தான். டயர் கட்டையால அடிச்சேன்."

மல்லாட்டை உடைகிற சத்தம் நின்றது. கோதண்டம் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"உங்க ஊர்க்காரனுங்க எத்தினியோ பேரு இந்த வழியா போறப்ப வந்து பேசிக்கினு போயிருக்கானுங்க" என்றார். "அத்தினி பேரும் நான்தான் தடுத்தேன், நான்தான் தடுத்தேன்னு சொன்னானுங்க. எல்லாரும் தடுத்திருந்தா என்ன அடிச்சவன் யாருன்னு நானும் இத்தினி வருசமா கேட்டுக்கினு இருக்கிறேன்."

இப்போது எதற்கு வந்து சொல்கிறாய் என்று அவர் மனைவி கேட்டார். குரலில் விஷம் இருந்தது, இருக்காதா பின்னே. நான் கயலைப் பற்றிச் சொன்னேன். அவள் கேட்ட கேள்வி, ஐந்து மாதம், எல்லாம். அழுதுகொண்டுதான் சொன்னேன், வெட்கமில்லாமல். பொண்ணுக்குப் போனைப் போடு என்றார் கோதண்டம்.

எடுக்கமாட்டாள் என்று நினைத்தேன். எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டு, கோதண்டம் அண்ணா பக்கத்தில் இருக்கிறார் என்றேன். அவரிடம் கொடுங்கள் என்றாள். போனை அவர் இடது கையில் வைத்தேன்.

"அங்கிள், எங்க அப்பா உங்கள அடிச்சாங்களா?"

கோதண்டம் என்னைப் பார்த்தார். ஒற்றைக் கண், அதில் கோபம் இருந்ததா இரக்கம் இருந்ததா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"இல்லம்மா" என்றார். "உங்கப்பா தடுத்தாரு. அவுரு இல்லன்னா நான் அன்னிக்கே பூட்டிருப்பேன்."

கயல் உடைந்து அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அப்பா, அப்பா என்று கூப்பிட்டாள், அங்கே ஏன் அப்படிப் பொய் சொன்னீர்கள் என்று இங்கிலீஷில் கேட்டாள், நான் உங்களை என்னவெல்லாம் நினைத்துவிட்டேன் என்றாள். நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும். என் மகள் எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டாள். கெடுத்தவனே மன்னித்து, பொய்யும் சொல்லிக் கொடுத்துவிட்டான் என்று எழுத வருகிறது கை. இல்லை, கெடுத்தவன் நான். என்னால் கெட்டுப்போனவர் அவர். இன்றைக்கும் எனக்கு அதில் குழப்பம் வருகிறது பாருங்கள்.

நான் குனிந்து போனருகே சொன்னேன். "அவரு உனக்காகச் சொல்றாரும்மா. நான் தடுக்கல. நான்தான் அடிச்சேன்."

அழுகை வேறு மாதிரி ஆயிற்று. பிறகு லைன் போய்விட்டது.

கோதண்டம் எழுந்து, போனை நாற்காலியில் வைத்தார். இடது கையால் என் கன்னத்தில் அறைந்தார். என் மூக்குக்கண்ணாடி தெறித்துப்போய் மல்லாட்டைக் குவியலில் விழுந்தது. அந்தக் கைக்கு அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அவர் மனைவி ஓடிவந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"இது என் கைக்கு இல்லடா" என்றார், மூச்சு வாங்க. "என் கைக்கு உன்ன எத்தினி அடிச்சாலும் பத்தாது. அந்தப் பொண்ண அழ வச்ச பாரு, அதுக்கு."

காதில் ரீங்காரத்தோடு நின்றுகொண்டிருந்தேன். நாற்காலியில் போன் அடித்தது. கயல்தான். நான் நகரவில்லை. கோதண்டமே எடுத்தார்.

"அழாதம்மா" என்றார். "உங்கப்பன அடிச்சிட்டேன்."